பதினொன்றாவது ஆள்

மேசா, அரிசோனா
பிப்ரவரி 12

அக்காவுக்கு,

நீ பேசிக்கொண்டிருக்கும்போதே நான் ரிசீவரை வைத்துவிட்டதாக லியோட்டா சொல்கிறாள். நான் வைக்கவில்லை. இருமல் வந்தது, கை நழுவியது. நீ நம்ப மாட்டாய், என் மனைவியே நம்பவில்லை. இனிமேல் தேர்தலைப் பற்றிப் போனில் ஒரு வார்த்தை பேசினாலும் ஒயரைப் பிடுங்கிவிடுவேன் என்று சொல்லிவிட்டாள். அதனால்தான் எழுதுகிறேன்.

நம் அயோவா பேப்பர் இங்கே மூன்று நாள் கழித்துத்தான் வருகிறது. இந்த டிரெய்லர் குடியிருப்பில் பாதிப் பேர் நம் மாநிலத்திலிருந்து குளிருக்குப் பயந்து ஓடிவந்தவர்கள், ஆகவே அந்த ஒரு பேப்பருக்கு வரிசை வேறு. இன்று என் முறை. ஊர் ஊராகப் போட்டிருந்த பொடி எழுத்துப் பட்டியலில் நோர்ஹைமைத் தேடிப் பிடித்தேன். மாவட்ட மாநாட்டுக்குப் போகக் கவர்னர் பேனர்மேனுக்கு மூன்று பிரதிநிதிகள். ஹாலோரனுக்கு இரண்டு. செனட்டர் கிராஃப்டுக்கு சைபர்.

அச்சுப்பிழை என்று நினைத்துக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். சைபர்தான்.

அக்கா, நான் அங்கே பதினொரு பேரை விட்டுவிட்டு வந்தேன். இரண்டு வருடமாக வீடு வீடாகப் போய்ச் சேர்த்த பதினொரு பேர். டாக்டர் ஜனவரியிலேயே என்னைத் துரத்திவிட்டார், இல்லையென்றால் நானும் லியோட்டாவும் சேர்ந்து பதின்மூன்று. காக்கஸ் கூட்டத்தில் தபால் ஓட்டுக் கிடையாது, ஆளே வந்து நிற்க வேண்டும் என்று விதி எழுதியவன் நுரையீரல் நன்றாக இருப்பவனாகத்தான் இருக்க வேண்டும். போகட்டும். பதினொன்று போதும் என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் கார் ஏறினேன். பட்டியலை அவர்களில் ஒருவனான கேலனிடம் கொடுத்தேன்.

இது எனக்கு ஏன் பெரிது என்று உனக்குத் தெரியும். முப்பது வருடம் பன்றிக் கொட்டகைத் தூசியை விழுங்கியிருக்கிறேன். என்னைப் போல நெஞ்சு கெட்டுப்போன விவசாயிகளுக்கு ஒரு சட்டம் வேண்டும் என்று வாய் திறந்தவர் இந்த ஜனாதிபதி வேட்பாளர் போட்டியில் கிராஃப்ட் ஒருவர்தான். மாநிலம் முழுக்கச் சேர்த்து அவர் மூன்றாவது. அதைப் பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் என் ஊர்க்காரர்கள், என் இருமலை மாதா கோயிலில் இத்தனை வருடம் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து கேட்டவர்கள், ஒரு பிரதிநிதியைக்கூடக் கொடுக்கவில்லை என்பதை எப்படிப் பொறுப்பது?

நீதான் கூட்டத்தை நடத்தினாய். யார் வரவில்லை என்று எழுது. பெயர் வேண்டும்.

வெர்லின்


நோர்ஹைம், அயோவா
பிப்ரவரி 17

அன்புள்ள வெர்லின்,

உன் கடிதத்தில் ‘அன்புள்ள’ இல்லை. அவசரத்தில் விட்டுப்போயிருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

யார் வரவில்லை என்று கேட்கிறாய். உன் ஆட்கள் பத்துப் பேரும் வந்தார்கள். அன்று காலையிலிருந்து பனி கொட்டியது, சாலையில் உப்புப் போட வந்த லாரியே பள்ளத்தில் இறங்கிவிட்டது. அதிலும் வந்தார்கள். கேலன் தன் வண்டியில் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஆகவே யாரையும் திட்டிக் கடிதம் போடாதே. போட்டுவிட்டாய் என்றால் என் பெயரை இழுக்காதே.

நடந்ததைச் சொல்கிறேன். பள்ளிக்கூட ஜிம்மில் ஹீட்டர் பாதிதான் வேலை செய்தது. கையெழுத்துப் போட்டவர்கள் அறுபத்தேழு பேர். கோட்டைக் கழற்றாமலே மூலைக்கு மூலை பிரிந்து நின்றார்கள். பேனர்மேன் மூலை கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே, ஹாலோரன் மூலை மேடைப் பக்கம், உன் கிராஃப்ட் மூலை குடிதண்ணீர்க் குழாய் அருகில். முப்பத்தொன்று, இருபத்தைந்து, பத்து. நான் இரண்டு தடவை எண்ணினேன். மார்வெல்லா மூன்றாவது தடவை எண்ணினாள், அவள் பேனர்மேனுக்காகத் தலைகீழாக நிற்பவள், அவளே பத்து என்றுதான் சொன்னாள்.

விதியை நீ எனக்குப் பாடம் நடத்துவாய், இருந்தாலும் கோபத்தில் மறந்திருப்பாய் என்பதால் எழுதுகிறேன். கையெழுத்துப் போட்டவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேராவது ஒரு மூலையில் நிற்க வேண்டும், அப்போதுதான் அந்த மூலை செல்லும். அறுபத்தேழுக்குப் பத்தே சொச்சம். சொச்சத்துக்கு அரை ஆளை நிறுத்த முடியாது, மேலே ஏற்றிப் பதினொன்று. உன்னிடம் பத்து. அவ்வளவுதான் விஷயம்.

அரை மணி நேரம் அவகாசம் கொடுத்தேன். உன் ஆட்கள் அந்தப் பக்கம் போய்க் கெஞ்சினார்கள், அந்தப் பக்கத்தார் வந்து உன் ஆட்களை இழுத்தார்கள். ஒருத்தரும் கிராஃப்ட் பக்கம் வரவில்லை. நேரம் முடிந்ததும் மூலையைக் கலைத்தேன். நாலு பேர் தொப்பியை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ஐந்து பேர் ஹாலோரன் பக்கம். ஒரு ஆள் பேனர்மேன் பக்கம். அந்த ஒரு ஆள் கேலன். உனக்கு எப்படியும் தெரிந்துவிடும் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். மார்வெல்லா இலவங்கப்பட்டை ரொட்டி சுட்டு அடுக்கு நிறையக் கொண்டுவந்திருந்தாள். கேலன் அந்தப் பக்கம் போகும்போது ரொட்டியைப் பார்த்துக்கொண்டேதான் போனான். அவன் ஒருவன் போனதால்தான் ஐந்தாவது பிரதிநிதி பேனர்மேனுக்கு விழுந்தது, அவனும் ஹாலோரன் பக்கம் போயிருந்தால் சமமாகி, காசு சுண்ட வேண்டியிருந்திருக்கும்.

நீ அரிசோனாவில் வெயில் காய்ந்துகொண்டு இங்கே பனியில் வந்தவர்களைக் குறை சொல்லாதே. மருந்தை வேளைக்குச் சாப்பிடு. லியோட்டாவை நான் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா,
ஆர்டிஸ்


மேசா
பிப்ரவரி 22

அக்காவுக்கு,

கேலனை நான் ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டேன். ஒரு ரொட்டி! என் வீட்டில் எத்தனை தடவை சாப்பிட்டிருக்கிறான்.

ஆனால் அது இருக்கட்டும். உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நாலாவது தடவை ஒரு காகிதத்தில் கூட்டிப் பார்த்தேன். முப்பத்தொன்றும் இருபத்தைந்தும் ஐம்பத்தாறு. பத்தைச் சேர்த்தால் அறுபத்தாறு. கையெழுத்து அறுபத்தேழு. ஒரு ஆள் எங்கே?

லியோட்டாவையும் கூட்டச் சொன்னேன். அறுபத்தாறுதான்.

இதன் அர்த்தம் உனக்குப் புரிகிறதா? அறுபத்தாறுக்கு நூற்றுக்குப் பதினைந்து என்றால் பத்துக்குக் கீழே. பத்துப் பேர் போதும்! எவனோ ஒருவன் வாசலில் கையெழுத்துப் போட்டுவிட்டு, எந்த மூலையிலும் நிற்காமல், கணக்கை மட்டும் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறான். அந்த ஒரு ஆளால் என் பத்துப் பேரும் செல்லாக்காசானார்கள். அவன் கையெழுத்துப் போடாமல் இருந்திருந்தால் எனக்கு ஒரு பிரதிநிதி. போட்டுவிட்டு எங்கள் மூலைக்கு வந்திருந்தாலும் எனக்கு ஒரு பிரதிநிதி. இரண்டும் செய்யாமல் கெடுப்பதற்கென்றே ஒருவன் பனியில் புறப்பட்டு வந்திருக்கிறான்.

எனக்கு என் பட்டியலில் இருக்கும் ஆர்வில் மேல்தான் சந்தேகம். நீ பத்துப் பேரும் வந்தார்கள் என்கிறாய், நான் எழுதியது பதினொன்று. உன்னையும் சேர்த்துத்தான் பதினொன்று. நீ எப்படியும் நின்றிருப்பாய். அப்படியென்றால் மூலையில் நின்ற பத்தில் நீ ஒன்று, என் ஆட்கள் ஒன்பது, ஒருவன் கையெழுத்துப் போட்டுவிட்டு நழுவிவிட்டான். ஆர்வில் எதையும் தொடங்குவான், முடிக்க மாட்டான். அவன் வீட்டு வெளிச்சுவரைப் பார், மூன்று வருடமாகப் பாதி வெள்ளை பாதி பச்சை.

மாவட்டக் கமிட்டிக்குப் புகார் எழுதப் போகிறேன். மார்ச் ஐந்துவரை நேரம் இருக்கிறது. எழுதுவதற்கு முன் பெயர் சரியாகத் தெரிய வேண்டும். கையெழுத்துத் தாள் உன்னிடம்தானே இருக்கிறது. பார்த்து எழுது.

வெர்லின்


நோர்ஹைம்
பிப்ரவரி 26

வெர்லின்,

ஆர்வில் வந்தான். முதல் ஆளாக வந்து, கடைசிவரை குழாய்ப் பக்கம் நின்று, ஹாலோரன் பக்கம் போகாமல் வீட்டுக்குப் போன நாலு பேரில் அவன் ஒருவன். அவனைப் பற்றி எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்.

அந்த அறுபத்தேழாவது ஆள் நான்தான்.

இருபது வருடமாக நான்தான் இந்த ஊரின் கூட்டத்தை நடத்துகிறேன். இருபது வருடமாகத் தாளில் முதல் கையெழுத்து என்னுடையது. பேனா எழுதுகிறதா என்று பார்க்கவும், எந்தக் கட்டத்தில் போட வேண்டும் என்று மற்றவர்களுக்குக் காட்டவும் போடுவேன். அப்புறம் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுவேன். எந்த மூலைக்கும் போனதில்லை. போகக் கூடாது என்று விதி இல்லை, எனக்கும் தெரியும். ஆனால் நடத்துகிறவள் ஒரு பக்கம் நின்றால் மற்றப் பக்கம் நம்புமா? இத்தனை வருடத்தில் என் ஒரு கையெழுத்தால் எதுவும் ஆனதில்லை. எப்போதும் யாராவது இருபதோ முப்பதோ வைத்திருப்பார்கள். இந்தத் தடவை அந்த ஒன்று போய் நடு உச்சியில் உட்கார்ந்துகொண்டது.

இன்னொன்றும் சொல்கிறேன், நீ சிரிக்காதே. இந்த ஊரில் பெண்கள் தலை எல்லாம் என் கையில்தான். வாரத்துக்கு ஒரு தடவை வந்து என் பார்லர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்கிறார்கள், மனதில் இருப்பதையெல்லாம் கொட்டுகிறார்கள். பேனர்மேன்காரியும் வருகிறாள், ஹாலோரன்காரியும் வருகிறாள். நான் ஒரு மூலையில் நின்றேன் என்றால் மறுநாளே பாதி நாற்காலி காலி. பதினெட்டு மைல் தள்ளிப் புதுசாக ஒரு பார்லர் திறந்திருக்கிறது, காபி வேறு கொடுக்கிறார்களாம். சட்டம் என்ன, செனட்டர் என்ன என்று உனக்கு. எனக்கு இந்த ஊரில் நாளைக்கும் கடை திறக்க வேண்டும்.

கேலன் கேட்டான். அதையும் மறைக்கவில்லை. அவகாசம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது என் மேசைக்கு வந்தான். மெதுவாகக் கேட்டிருக்கலாம். அவனுக்குத்தான் மெதுவாகப் பேசத் தெரியாதே. "ஆர்டிஸக்கா, எந்திரிச்சு நாலு எட்டு வைங்க, போதும். வெர்லினுக்காக" என்றான். ஜிம் முழுக்கக் கேட்டது. எல்லாத் தலையும் திரும்பியது, அதில் பெண்கள் தலை எல்லாம் நான் வெட்டிவிட்டது.

நான், "கூட்டத்த நடத்துறவ நான், கேலன். நீ போய் உன் எடத்துல நில்லு" என்றேன்.

அப்போது அவன் உன் பட்டியலை எடுத்து நீட்டினான். உன் கையெழுத்து. பதினோராவது பெயர் ஆர்டிஸ். பக்கத்தில் ஒரு டிக் வேறு. "அவரு உங்கள எண்ணிட்டுத்தான் போயிருக்காரு" என்றான்.

நீ என்னிடம் எப்போது கேட்டாய், வெர்லின்? அந்தப் பதினொரு பேரில் பத்துப் பேர் வீட்டுக் கதவைத் தட்டினாய். காபி குடித்தாய், துண்டுத்தாள் கொடுத்தாய், ஆர்விலிடம் மூன்று தடவை போனாய். என் கடைக்கு எதிரில்தான் கார் நிறுத்துவாய். ஒரு தடவையாவது உள்ளே வந்து கேட்டாயா?

ஆர்டிஸ்


மேசா
மார்ச் 2

அக்கா,

கேட்க வேண்டுமா? நீ என் அக்கா.

இரண்டு நாள் இந்தக் கடிதத்தை எழுதாமல் வைத்திருந்தேன். லியோட்டா சொன்னதால். மூன்றாவது நாளும் கோபம் அப்படியேதான் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

ஊரில் ஒவ்வொருத்தரும் ஒரு பக்கம் நின்றார்கள். கண் தெரியாத கிழவர் ஒருவர்கூடத் தடியைத் தட்டிக்கொண்டு ஒரு மூலைக்குப் போயிருப்பார். அதற்குத்தானே அந்தக் கூட்டம்? ரகசிய ஓட்டு இல்லை, பெட்டி இல்லை, பக்கத்து வீட்டுக்காரன் முகத்துக்கு நேரே நின்று காட்டு என்பதுதானே நம் வழக்கம்? நீ அதை இருபது வருடம் நடத்துகிறாய், ஒரு தடவை செய்ததில்லை.

எனக்கு இது புதிதில்லை. நான் கொட்டகையைப் பெரிதாகக் கட்டக் கூடாது என்று அப்பா சண்டை போட்ட வருடம் நினைவிருக்கிறதா? ஒரு குளிர்காலம் முழுக்க நானும் அவரும் பேசவில்லை. நீ இரண்டு வீட்டுக்கும் சூப் கொண்டுவந்தாய். யார் சொல்வது சரி என்று இரண்டு வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பாதான் சரி என்று இப்போது என் நெஞ்சு சொல்கிறது. அப்போது நீ சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனோ என்னவோ. நீ சூப்பைத்தான் கொடுத்தாய்.

போகட்டும், இன்னும் மூன்று நாள் இருக்கிறது. ஒரு வழி உண்டு. மாவட்டக் கமிட்டிக்கு ஒரு வரி எழுது. நடத்துகிறவள் என்ற முறையில்தான் கையெழுத்துப் போட்டேன், வாக்காளராக அல்ல, என் பெயரை அடித்துவிடுங்கள் என்று. அறுபத்தாறு ஆகிவிடும். பத்துப் பேர் செல்லும். கிராஃப்டுக்கு ஒரு பிரதிநிதி. எந்த மூலைக்கும் போக வேண்டாம், எந்தத் தலையும் உன்னைத் திரும்பிப் பார்க்காது. உட்கார்ந்த இடத்தில் ஒரு வரி. இதுகூட முடியாதா?

இந்தக் கடிதத்தை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

வெர்லின்


நோர்ஹைம்
மார்ச் 5

வெர்லின்,

உன் கடிதம் நேற்றுக் காலை வந்தது. மதியம் கடையைப் பூட்டிவிட்டு மாவட்டக் கமிட்டி ஆபீசுக்கே கார் ஓட்டிக்கொண்டு போனேன். நீ சொன்ன வரியை எழுதவில்லை. நடந்ததை எழுதினேன். கையெழுத்துப் போட்டேன், வாக்காளராகத்தான் போட்டேன், எந்த மூலையிலும் நிற்கவில்லை, அதனால் ஒரு மூலை ஒரு ஆள் குறைந்து போயிற்று என்று. அங்கே இருந்த அம்மாள் படித்துவிட்டு, வந்தவர் எல்லோரும் கணக்குத்தான், நிற்காதது அவரவர் இஷ்டம், முடிவை மாற்ற முடியாது என்று சொன்னார். என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீ சொன்ன வரியை எழுதியிருந்தால் உனக்கு ஒரு பிரதிநிதி கிடைத்திருக்கும். தெரியும். ஆனால் நான் அங்கே இருந்தேன், வெர்லின். மேசையைத் துடைத்தேன், நாற்காலி போட்டேன், அறுபத்தாறு பேரை எண்ணினேன். நான் வரவே இல்லை என்று என் கையாலேயே எழுதச் சொல்கிறாய். பிப்ரவரியில் என்னைக் கேட்காமல் சேர்த்தாய். மார்ச்சில் அடித்துவிடு என்கிறாய். உனக்கு வசதியானபோது நான் ஒரு ஆள், வசதியில்லாதபோது நான் ஆளே இல்லை.

அப்பா விஷயத்தில் நீ சொன்னது சரி. அவர் சரி என்று எனக்கு அப்போதே தெரியும். சொல்லியிருக்க வேண்டும். அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை, ஆகவே அதைத் தயவுசெய்து இனி எழுதாதே.

கிராஃப்ட் உன் வீட்டுக்கு வந்த அன்று நானும் இருந்தேன். உனக்கு மறந்திருக்கும், நீ அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாய். அவர் உன்னிடம் கொட்டகை எத்தனை அடி, காற்றாடி எத்தனை, எப்போது முதலில் மூச்சு வாங்கியது என்றெல்லாம் கேட்டார். நீ பேச்சின் நடுவில் இருமத் தொடங்கினாய். கூட வந்தவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அவர் பார்க்கவில்லை. நீ இருமி முடிக்கும்வரை குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். நான் சுவரோரம் காபிக் கெட்டிலை வைத்துக்கொண்டு நின்றேன். இந்த ஆளுக்கு நான் நிற்பேன் என்று அப்போது நினைத்தேன். நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சரி என்று சொல்லியிருப்பேன். உன்னிடம் சொல்லிவிட்டால் அப்புறம் பின்வாங்க மாட்டேன் என்று எனக்கு என்னைத் தெரியும். கேட்காததால் கடைசி நிமிடம்வரை எனக்கு நானே முடிவு செய்ய வேண்டியிருந்தது, எனக்கு அது வராது.

கேலன் வந்து கேட்டபோது மேசைக்கு அடியில் என் கால் எழுந்துவிட்டது. மார்வெல்லா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்ப உட்காரவைத்துவிட்டேன்.

இதை உன்னிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன். இனி நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

ஆர்டிஸ்


மேசா
மார்ச் 14

அக்காவுக்கு,

டிவியில் பார்த்திருப்பாய். வியாழக்கிழமை கிராஃப்ட் போட்டியிலிருந்து விலகிவிட்டார். நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது, தெற்கு மாநிலங்களில் பெயரையே சொல்லவில்லை. ஒரு ஹோட்டல் அறையில் இருபது பேர் முன்னால் நின்று நன்றி சொன்னார். பேனர்மேனை ஆதரிக்கப் போகிறாராம். தூசியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவரைக் குறை சொல்லவில்லை. களைத்துப் போயிருந்தார்.

ஆகவே இனி யார் எங்கே நின்றால் என்ன, யார் கையெழுத்துப் போட்டால் என்ன. உன் ஒரு ஆளைச் சேர்த்திருந்தாலும் கழித்திருந்தாலும் அவர் இதே வியாழக்கிழமை இதே அறையில்தான் நின்றிருப்பார். இது எனக்கு முதல் நாளே தெரியும், நான் முட்டாள் இல்லை. நான் கேட்டது அவர் ஜெயிக்க வேண்டும் என்று இல்லை. எங்கள் ஊரிலும் கொஞ்சம் பேருக்கு இது ஒரு விஷயமாகப் பட்டது என்று ஒரு தாளில் எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான். அது பதியவில்லை. பத்துப் பேர் வந்தார்கள் என்றுகூடப் பேப்பரில் இல்லை. சைபர் என்றுதான் இருக்கிறது.

டாக்டர் மறுபடி நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார். கோடையிலும் ஊருக்குப் போக வேண்டாம் என்கிறார். நிலத்தையும் கொட்டகையையும் யாரிடம் விடுவது என்று லியோட்டா யோசிக்கிறாள். நான் யோசிக்கவில்லை. எனக்கு இப்போது எதற்கும் ஆத்திரப்படக்கூட மூச்சு இல்லை.

நீ காபிக் கெட்டிலோடு நின்றது எனக்கு நினைவு இல்லை. அதற்கு நான் வெட்கப்படுகிறேன். உன்னைக் கேட்டிருக்க வேண்டும். இதை நீ இரண்டாவது தடவை எழுதச் சொல்லாதே.

வெர்லின்


நோர்ஹைம்
மார்ச் 27

அன்புள்ள வெர்லின்,

நேற்று மாவட்ட மாநாடு. நம் ஊரிலிருந்து போக வேண்டிய பேனர்மேன் பிரதிநிதிகள் மூவரில் கேலன் ஒருவன், ரொட்டிக்குக் கிடைத்த பதவி. வெள்ளிக்கிழமை மாலை கடைக்கு ஓடிவந்தான். அவன் பன்றிகள் மூன்று ஒரே சமயத்தில் குட்டி போடுகின்றனவாம், மாற்று ஆள் நான்தானாம். சனிக்கிழமை முழுக்க மடக்கு நாற்காலியில் உட்கார வேறு யார் சம்மதிப்பார்கள் என்று பிப்ரவரியில் என் பெயரைத்தான் எழுதியிருந்தார்கள், அதுவும் என்னைக் கேட்காமல். என்னைக் கேட்காமல் எழுதுவது இந்த மாவட்டத்துக்கே வழக்கமாகிவிட்டது.

போனேன். மார்வெல்லாவும் என் காரிலேயே வந்தாள். வழியெல்லாம் அவள் மருமகளைப் பற்றிப் பேசினாள். நாற்பத்தாறு மைல். மாவட்டச் சந்தைக் கொட்டகையில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், மைக்கில் யார் பேசினாலும் ஊளைச் சத்தம், மதியத்துக்கு ஆறிப்போன ஹாட் டாக். தீர்மானம் மேல் தீர்மானம். வாரத்துக்கு எத்தனை நாள் தபால் வர வேண்டும் என்று ஒன்றரை மணி நேரம் சண்டை போட்டார்கள். எனக்குத் தலைவலி வந்துவிட்டது.

மூன்று மணிக்கு மறுபடி மூலை பிரிக்கச் சொன்னார்கள், யாருக்காக வந்திருந்தாலும் பக்கம் மாறலாம் என்றார்கள். அட்டைகளைப் பிப்ரவரியிலேயே அச்சடித்துவிட்டதால் விலகிவிட்ட ஆட்களின் பெயரும் சுவரில் தொங்கியது. பேனர்மேன், ஹாலோரன், கிராஃப்ட், இன்னும் இரண்டு பேர். கிராஃப்ட் அட்டை இருந்தது பின்பக்கம், கழிவறைக்குப் போகும் வழியில்.

எல்லோரும் இரண்டு பக்கமாக நகர்ந்தார்கள். மார்வெல்லா என் கையைப் பிடித்து, "வா ஆர்டிஸ், நாற்காலி போயிடும்" என்றாள். நான் கையை எடுத்துக்கொண்டேன். எனக்கு இப்படி ஒரு எண்ணம் இருந்தது என்று காலையில் கார் ஏறும்போதும் தெரியாது, உண்மையாகச் சொல்கிறேன். போய் அந்த அட்டைக்குக் கீழே நின்றேன்.

முதலில் நான் கழிவறைக்கு நிற்கிறேன் என்று நினைத்தார்கள். ஒரு அம்மாள் வரிசையா என்று கேட்டு எனக்குப் பின்னால் வந்து நின்றே விட்டாள். அப்புறம் மார்வெல்லாதான் வந்தாள். எத்தனை வருடமாக அவள் தலையைக் கழுவியிருக்கிறேன், அவள் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை.

"என்னடி இது, அவரே வெலகிட்டாரு. யாருக்காக நிக்கிற?"

"என் தம்பிக்கு நெஞ்சு சரியில்ல மார்வெல்லா. அதுக்காக நிக்கிறேன்."

"அது எங்களுக்கெல்லாம் தெரியாதா? இப்ப நின்னு என்ன ஆகப்போவுது?"

"ஒண்ணும் ஆகப்போறதில்ல. பிப்ரவரில நின்னிருந்தா ஆகியிருக்கும்."

அவள் போய்விட்டாள். திரும்பி வரும்போது காரில் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டாள். வியாழக்கிழமை பத்து மணி அவளுடைய நேரம், இனி வருவாளோ மாட்டாளோ தெரியாது. வராவிட்டால் போகட்டும் என்று எழுத ஆசைதான். ஆனால் அவள் போனால் அவள் தங்கைகள் இரண்டு பேரும் போவார்கள், நேற்று இரவே கடைக் கணக்கு நோட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

எண்ண வந்தவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், நல்ல மனிதர். என்னைச் சுற்றிப் பார்த்தார், பின்னால் கழிவறைக்கு நின்ற அம்மாளிடம் விசாரித்து அவளைக் கழித்தார். "இங்க நீங்க ஒருத்தர்தான். இந்த மூலை செல்லாதுங்க. இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்கு, வேற பக்கம் போறதுன்னா போகலாம்" என்றார்.

"போகல. எண்ணிக்குங்க" என்றேன்.

அவர் பலகைக்குப் போனார். கிராஃப்ட் பெயருக்கு நேரே சாக்பீஸால் ஒன்று என்று எழுதினார். கொட்டகையில் எல்லோரும் பார்த்தார்கள். பதினைந்து நிமிடம் முடிந்ததும் அதை அழித்துவிட்டு சைபர் போட்டார்கள், விதி அப்படி. ஆனால் அந்தப் பதினைந்து நிமிடமும் அது அங்கே இருந்தது. முழங்கால் வலிக்க வலிக்க நான் அதையேதான் பார்த்துக்கொண்டு நின்றேன். இதைப் பார்க்க வேண்டிய ஒரே ஆள் நீ. நீ போய் அரிசோனாவில் உட்கார்ந்திருக்கிறாயே என்று எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

உன் அக்கா,
ஆர்டிஸ்